முன்னிலை: சில குறிப்புகள்

1

ஒருவரைப் பன்மையால் சொல்வது இலக்கணத்தின் வழி அல்ல. வழக்கில் வந்து சேர்ந்துவிட்ட உயர்சொல், அவ்வளவுதான் — தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இப்படிச் சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறது. இதை நான் கல்லூரியில் படிக்கவில்லை. அங்கே படித்தது ஆங்கில இலக்கியம். வங்கி வேலைக்கு வந்து, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சில வருஷங்கள் கழிந்த பிறகு, வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது இந்தச் சூத்திரம் கண்ணில் பட்டது. இலக்கணம் தன் பொறுப்பில்லை என்று ஒதுக்கிவிட்ட காரியத்தைத்தான் காலை பத்து மணியிலிருந்து ஆள் ஆளாகத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது தோன்றியது.

சரித்திரம் சுருக்கமாக இது. ‘நீ’ ஒருமை. ‘நீர்’ பழைய தமிழில் பன்மை; பல பேரைப் பார்த்துச் சொல்வது. பின்னால் அது ஒருவருக்கு உரிய மரியாதையாகிற்று. அந்த மரியாதை தேய்ந்ததும் அதற்கு மேல் ‘நீங்கள்’ வந்தது. ‘நீம்’ என்ற பன்மையின் மேல் ‘கள்’ என்ற இன்னொரு பன்மையை ஏற்றிக் கட்டிய சொல். ‘அவர்கள்’ என்பதும் அப்படியே: ‘அர்’ ஒரு பன்மை, ‘கள்’ இன்னொன்று. ஒற்றை மனிதரைக் கௌரவிக்க இரண்டு பன்மைகள் தேவைப்பட்டிருக்கின்றன. அதுவும் போதாமல் கடிதத்தில் ‘தாங்கள்’, பேச்சில் ‘சார்’. பணத்தின் மதிப்பு இறங்க இறங்க நோட்டில் சைபர் கூடுவது போல என்று சொன்னால் தொழில் புத்தி என்பார்கள். ஆனாலும் நடந்திருப்பது அதுதான்.

இடைப்பட்ட ‘நீர்’ இன்னும் முழுக்கச் செத்துவிடவில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சமவயது ஆண்கள் ‘நீரு’ என்றும் ‘வே’ என்றும் பேசிக்கொள்வதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை கடவுளோடு பேசுவதும் இந்தத் தளத்தில்தான். கதையின் ஹாஸ்யத்தில் பாதி அதில் இருக்கிறது. கடவுளை ‘நீ’ என்றிருந்தால் பக்தி. ‘நீங்கள்’ என்றிருந்தால் உபசாரம். ‘நீர்’ என்றதும் இரண்டு பேரும் பிராட்வே முக்கில் நிற்கிற இரண்டு ஆட்கள் ஆகிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ‘நீர்’ வீட்டுக்குள்ளேயே புழங்குகிறது. கணவன் மனைவிக்குள், ஆசிரியர் மாணவரிடம். எங்களிடம் அது ஆண்களின் திண்ணைச் சொத்தாக இருந்து, திண்ணையோடு போய்க்கொண்டிருக்கிறது. நடுப்படி உடைந்த ஏணியில் மேலே ஒன்று கீழே ஒன்றுதான் மீதி. கவுண்டரில் வந்து நிற்பவரை இந்த இரண்டில் ஒன்றில் வைத்தாக வேண்டும்.

2

நான் இருக்கும் கிளை கொங்குச் சீமையின் ஓரத்தில், வாரச் சந்தையும் இரண்டு அரிசி ஆலையும் உள்ள ஓர் ஊரில் இருக்கிறது. 1969 ஜூலையில் 14 வங்கிகள் தேசியமயமான பிறகு இது போன்ற ஊர்களுக்கு வங்கி வந்தது. ஆனால் ஊர் வங்கிக்குள் வந்தது வெகு பிந்தித்தான். கிணறும் பத்திரமும் உள்ளவர்கள் பயிர்க் கடனுக்கு வந்தார்கள். மற்றவர்கள் அவர்களுடைய வண்டிக்குக் காவலாக வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். 2014 ஆகஸ்டில் ஜன் தன் கணக்குகள் தொடங்கி, கூலி, முதியோர் பென்ஷன், மானியம் எல்லாம் கணக்கில் ஏற ஆரம்பித்த பிறகு வேப்பமரத்தடியும் உள்ளே வந்தது. இன்று நகைக் கடனைத் திருப்ப வந்த தோட்டக்காரரும், அவர் தோட்டத்தில் களை எடுக்கிற பெண்ணும் அடுத்தடுத்த டோக்கன் வாங்கி ஒரே இரும்பு பெஞ்சில் உட்காருகிறார்கள். இந்த ஊரில் இந்த இரண்டு பேரும் சேர்ந்து உட்காருகிற இன்னோர் இடம் எனக்குத் தெரியவில்லை. பெஞ்சு பிரிப்பதில்லை, டோக்கனும் பிரிப்பதில்லை. கவுண்டருக்கு வந்ததும் வாய் பிரிக்கிறது. வெள்ளை வேட்டிக்கு ‘வாங்க’. பேன்ட்டுக்கு ‘சார்’. லுங்கிக்கு ‘என்னப்பா’. நைந்த சேலைக்கு ‘ஏம்மா, இங்க பாரு’.

உடை மட்டுமல்ல. பாஸ்புக்கைக் கொடுத்ததும் திரையில் விலாசம் வருகிறது. தெருப் பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. 1967இல் அண்ணாதுரை அரசு ‘ஸ்ரீ’யை எடுத்துவிட்டுத் ‘திரு’வைப் போட்டது. பெயருக்கு முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் நாம் ஓயாமல் திருத்தி வந்திருக்கிறோம். பெயரின் வாலை வெட்டியாயிற்று. வினைச்சொல்லின் வால் அப்படியே இருக்கிறது. ‘போடு’, ‘போடுங்க’ — இதற்கு அரசாணை கிடையாது.

ஆள் யாரென்று பிடிபடாதபோது என்ன செய்கிறார்கள் என்பது இன்னும் சுவாரஸ்யமானது. லுங்கி கட்டியிருக்கிறார், ஆனால் கையில் விலை உயர்ந்த போன், பேச்சு வெளியூர். அப்போது குமாஸ்தாவின் தமிழில் முன்னிலையே மறைந்துவிடும். ‘கையெழுத்து போடணும்.’ ‘ஆதார் நகல் வைக்கணும்.’ ‘அந்தப் பக்கம் உட்காரலாம்.’ ‘பேரு?’ யார் போட வேண்டும், யார் உட்காரலாம் என்று வாக்கியத்தில் இல்லை. ‘ணும்’, ‘லாம்’ என்ற இந்த இரண்டு விகுதிகளைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நாளை ஓட்டிவிடலாம். எங்கள் ஹாலில் ஒரு மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தமிழ்ச் சமூகவியல் ஒரு பாடம் முடிந்துவிடும்: நிச்சயமான உயர்வுக்கு ‘ங்க’, நிச்சயமான தாழ்வுக்கு வெறும் வினை, சந்தேகத்துக்கு ‘ணும்’.

எழுத்தில் இதற்கு இணை ‘வும்’. ஏ.டி.எம். திரை ‘அட்டையைச் செருகவும்’ என்கிறது. கோயில் வாசலில் ‘காலணிகளை இங்கே விடவும்’ என்று எழுதியிருக்கிறது. எவருக்கும் சொல்லப்படாத, ஆகவே எவரையும் தாழ்த்தாத ஏவல். அச்சடித்த படிவங்களும் கடிதங்களும் இன்னும் ஒரு படி மேலே போகும். அவற்றின் தமிழில் வாடிக்கையாளர் எப்போதும் ‘தாங்கள்’தான்: தங்கள் கணக்கு, தங்கள் கையொப்பம், தங்கள் வாரிசுதாரர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணிக்கு அந்தக் காகிதத்தை நீட்டி, ‘இந்தா, இங்க கைநாட்டு வை’ என்கிறோம். அவளால் வாசிக்க முடியாத இடத்தில் அவள் ‘தாங்கள்’; காதில் விழுகிற இடத்தில் ‘நீ’.

3

எங்கள் கிளையில் ஒரு கேஷியர் இருந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவரைப் போல ஜனங்களுக்கு உழைத்த ஒருவரை அந்த ஹாலில் நான் பார்த்ததில்லை. பென்ஷன் நாளில் கேஷ் மூடிய பிறகும் உட்கார்ந்து முப்பது நாற்பது பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார். கிழிந்த நோட்டை முகம் சுளிக்காமல் மாற்றுவார். யாருக்குப் பணம் வரவில்லை, எந்த எண் தவறிப்போயிற்று என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரும் ஊரில் பாதிப்பேரை ‘நீ, வா, போ’ என்றுதான் பேசினார். எந்தப் பாதி என்று சொல்ல வேண்டியதில்லை.

செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ஒரு நாள் மகளோடு வந்தார். பெண் நர்ஸிங் சேர்ந்திருந்தாள். கல்விக் கடன் விஷயமாக மேனேஜரைப் பார்க்க வந்தவர்கள், அப்படியே பணம் எடுக்க வரிசையில் நின்றார்கள். கேஷியர் வழக்கம்போல, ‘என்னடா இது, தேதி போடாம குடுத்திருக்கே? இங்க போடு’ என்றார். அவர் வாங்கித் தேதியைப் போட்டார். போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்:

‘சார், எம் பொண்ணு முன்னாடி அப்படிக் கூப்பிடாதீங்க.’

கேஷியர் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது. ‘நான் என்னப்பா தப்பா சொல்லிட்டேன்? இருபது வருஷமா இப்படித்தானே பேசிக்கிட்டிருக்கோம்?’

‘ஆமாங்க சார். இருபது வருசமா.’

அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. பெண் டோக்கனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேஷியர் பணத்தை இரண்டு தடவை எண்ணி, மெஷினில் வைத்து மறுபடியும் எண்ணி, நீட்டினார். நீட்டியபோது சொன்னார்: ‘எண்ணிப் பாத்துக்கணும்.’

அன்றிலிருந்து ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த ஒரு மனிதரிடம் மட்டும் அவர் ‘ணும்’ போட்டுத்தான் பேசினார். ‘நீ’க்குத் திரும்பிப் போகவில்லை, ‘நீங்க’வுக்கு ஏறவும் முடியவில்லை. ஏறினால் தோற்றதாக ஆகும் என்று நினைத்தாரா, நாக்கு வரவில்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சூளைக்காரர் சில மாதங்கள் கழித்து ஏ.டி.எம். அட்டைக்கு எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டார். பிறகு கவுண்டர் பக்கம் அதிகம் வருவதில்லை.

சாயங்காலம் கேஷ் டாலி ஆன பிறகு டீ குடிக்கும்போது இதைப் பற்றிப் பேச்சு வந்தது. கேஷியரின் கட்சி எளிமையானது. ‘நான் எத்தனை பேருக்கு எழுதிக் குடுக்கறேன்? இந்தப் பையன் எல்லாரையும் சார் சார்ங்கறான், ஒருத்தருக்காவது ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருப்பானா?’ அவர் காட்டிய பையன் எங்கள் இளம் அதிகாரி. அவர் சொன்னது பொய்யில்லை. அந்த அதிகாரி பச்சைக் குழந்தையைக்கூடச் ‘சார்’ என்பான். ‘சர்வர் இல்ல சார், நாளைக்கு வாங்க சார்’ என்று இருபது கிலோமீட்டர் நடையாக நடக்கவும் வைப்பான். மரியாதையும் உபகாரமும் வேறு வேறு. ஒன்றை வைத்து இன்னொன்றுக்கு ஈடு கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியாது என்று எனக்குப் படுகிறது. எழுதிக் கொடுத்த சீட்டு அந்த மனிதருக்கும் கேஷியருக்கும் நடுவில் நடந்து முடிந்துவிடுகிற காரியம். விளிப்பு ஹால் முழுக்கக் கேட்கிறது. இவனை இப்படிக் கூப்பிடலாம் என்று பெஞ்சில் இருக்கிற முப்பது பேருக்கும் அது தெரிவித்துவிடுகிறது. அதில் ஒருவர் மகளாக இருந்தால் அவளுக்கும். உபகாரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறொருவரிடம் எழுதிக்கொள்ளலாம். கூப்பிட்டாகிவிட்டதைக் கூப்பிடாததாக ஆக்க வழி இல்லை.

4

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இதை விட்டுவிட்டு மேலே போனால் நான் சொல்வது வெறும் ஒழுக்கப் பாடமாகிவிடும்.

நான் என் அம்மாவை ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறேன். அப்பா ‘நீங்க’. தமிழ்நாட்டில் கணக்கற்ற வீடுகளில் இப்படித்தான். ஆகவே ஒரு கிழவியைப் பார்த்து ‘நீ’ என்பவன் அவளைத் தாயாக நினைக்கிறான் என்று வாதாடலாம், வாதாடுகிறார்கள். கொங்குப் பக்கத்தில் ‘ஆத்தா’ என்று சொல்லிவிட்டால் ஒருமை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ‘அம்மா’, ‘அப்பா’ என்ற சொற்களே ‘ம்மா’, ‘ப்பா’ என்று குறுகி வினைக்குப் பின்னால் தொங்கும்போது, ஒருமைக்கு உரிமைச் சீட்டாகிவிடுகின்றன. ‘போடும்மா’ என்பதில் ‘அம்மா’ இருக்கிறாள், மரியாதை இல்லை. தாய்க்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் இடமே அது என்றால் அது வீட்டுக்குள் பேச வேண்டிய இன்னொரு பிரச்னை.

மறுபக்கம், பென்ஷனுக்கு வருகிற ஒரு மூதாட்டி என்னிடம், ‘ஏஞ்சாமி, எம் பணம் ஏறிருச்சான்னு பாரு கண்ணு’ என்பாள். அவள் எனக்குத் தருவதும் ‘நீ’தான். அந்த ‘நீ’ எனக்கு உறைப்பதில்லை. அதைக் கேட்பதற்காகவே பென்ஷன் நாளில் கவுண்டருக்கு வரலாம். வயதினால் அவளுக்கு வந்த உரிமை அது. கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து கேஷியர் அவளுக்குக் கொடுத்த ‘நீ’யும் இதுவும் ஒரே எழுத்து, ஒரே சொல் அல்ல. எப்படி வேறுபடுத்துவது? பிரவுனும் கில்மனும் 1960இல் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களைப் பற்றி எழுதிய கட்டுரை இதற்கு ஓர் உரைகல் கொடுக்கிறது: திருப்பிச் சொல்ல முடிகிறதா? இரண்டு பக்கமும் ஒன்றையே சொல்லிக்கொண்டால் நெருக்கம். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்றால் அதிகாரம். தமிழுக்கு இது அப்படியே பொருந்தாது. வயது என்ற மூன்றாவது தராசு நம்மிடம் இருக்கிறது. ஆனால் கேஷியர் விஷயத்தில் அந்தத் தராசும் உதவவில்லை. மூதாட்டிக்கு எழுபது, அவருக்கு ஐம்பத்தெட்டு. தோட்டக்காரரின் மகனுக்கு இருபத்திரண்டு. அவனுக்கு ‘வாங்க தம்பி’.

நான் ஆரம்பத்திலிருந்தே எல்லாருக்கும் ‘ங்க’ போட்டு வந்தேன். கொள்கை என்று சொல்ல மாட்டேன், வெளியூர்க்காரனின் ஜாக்கிரதை. அதற்கும் விலை உண்டு. ஒரு நாள் அந்த மூதாட்டி என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, ‘என்ன சாமி, எம்மேல கோவமா?’ என்றாள். தமிழில் ‘நீ’யிலிருந்து ‘நீங்க’வுக்கு மாறுவது பல சமயம் சண்டையின் அடையாளம். புருஷன் பெண்டாட்டியிடமும், சிநேகிதர்களிடமும் பார்த்திருக்கிறோம். மரியாதை திடீரென்று கூடினால் கதவு சாத்தப்படுகிறது என்று அர்த்தம். நான் சாத்தாத கதவு அவளுக்குச் சாத்தினது போலக் கேட்டிருக்கிறது. அதன் பிறகு ‘ஆத்தா, பணம் ஏறிருச்சுங்க, சீட்டக் குடுங்க’ என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். உறவுப் பெயரும் வேண்டும், ‘ங்க’வும் வேண்டும். எனக்கு வாய்த்த தமிழில் இதைவிட நல்ல ஏற்பாடு அகப்படவில்லை.

கொங்குத் தமிழ் இதற்குத் தோதான பாஷை. அங்கே ‘ங்க’ வினையோடு நிற்பதில்லை: ‘சரிங்க’, ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’, ‘நேத்துங்க’. எந்தச் சொல்லின் மேலும் உட்காரும். மரியாதைக்குப் பேர்போன வழக்கு என்று எல்லாரும் புகழ்கிறார்கள். நான் கேட்டவரையில் அந்த ‘ங்க’ மேல்நோக்கியே அதிகம் பாய்ந்திருக்கிறது. தோட்டத்தில் நிற்பவர் திண்ணையில் இருப்பவருக்கு வாக்கியத்துக்கு ஆறு ‘ங்க’ போடுவார்; திண்ணையிலிருந்து ஒன்று வந்தால் அதிகம். ஒரு வழக்கின் மரியாதையை அளக்க அதில் எத்தனை மரியாதைச் சொற்கள் இருக்கின்றன என்று எண்ணினால் போதாது. யாரிடமிருந்து யாருக்கு என்று பேரேடு போட வேண்டும்.

5

சமத்துவத்துக்கு இரண்டு பாதைகள் திறந்திருக்கின்றன. எல்லாரையும் ‘நீ’க்கு இறக்கலாம், அல்லது எல்லாரையும் ‘நீங்கள்’க்கு ஏற்றலாம். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் குவேக்கர்கள் முதல் வழியைத் தேர்ந்தார்கள். நீதிபதியையும் ‘தௌ’ என்றார்கள். உதை பட்டார்கள், சிறைக்கும் போனார்கள். அந்த ‘தௌ’ எவ்வளவு சுடும் என்பதற்கு 1603இல் ராலே மீது நடந்த ராஜத்துரோக வழக்கு சாட்சி: அரசு வழக்கறிஞர் கோக் அவரை அவமதிக்க வேண்டுமென்றே அந்தச் சொல்லை எடுத்து வீசினார். ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் சர் டோபி தன் நண்பனுக்குச் சவால் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும்போதும் எதிரியை அப்படி விளிக்கச் சொல்கிறான். கல்லூரியில் இதற்கு அடிக்குறிப்பு மட்டும் இருந்தது. அடிக்குறிப்பில் இருந்தது என்ன என்று கவுண்டரில்தான் எனக்குப் புரிந்தது. கடைசியில் பொது ஆங்கிலம் குவேக்கர்கள் வழியில் போகவில்லை. ‘யூ’ எல்லாருக்கும் ஆயிற்று, ‘தௌ’ பிரார்த்தனைக்குள் ஒதுங்கிற்று. சுவீடன் மறு வழி. 1967இல் அங்கே மருத்துவ நிர்வாகத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்ஸெட், ஊழியர் எல்லாரையும் ‘டூ’ என்றே அழைக்கப் போவதாகச் சொன்னார். அது ஒரு பெரிய மாற்றத்தின் அடையாளமாக நின்றுவிட்டது.

தமிழுக்கு முதல் வழி சரிப்படாது என்பது என் அபிப்ராயம். நம்மில் ஒரு பாதிக்கு ‘நீ’ புதிதாகக் கிடைக்கப் போகும் சமத்துவம் அல்ல. தலைமுறைகளாகக் கேட்டுச் சலித்த சொல். அவர்களிடம் போய், இனி மேனேஜரையும் ‘நீ’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது கிடைக்காத சலுகை. நடைமுறையில் மேனேஜர் ‘சார்’ ஆகவே இருப்பார். அவர்களுக்கு இதுவரை கிடைக்காமல் இருந்தது ‘நீங்க’.

இதற்குள் வங்கிகளிலும் கடைகளிலும் வேறொரு தீர்வு வந்துவிட்டது. எங்களுக்கும் மேலிடத்திலிருந்து அறிவுரைகள் வந்தன: எழுந்து வணக்கம் சொல், புன்னகை செய், ‘சார்’ அல்லது ‘மேடம்’ என்று அழை. 2024 மார்ச்சில் கையெழுத்தான பன்னிரண்டாவது இருதரப்பு ஒப்பந்தம் எங்களையும் விடவில்லை. குமாஸ்தா என்பது போய் ‘கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்’ ஆனோம். ‘மேடம், உங்க டோக்கன்’ என்று இளம் அதிகாரி கூப்பிட்டபோது களை எடுக்கும் பெண் திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். ஹாலில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நம்முடைய சிறுகதை ஒன்றில் இது வந்திருந்தால் நவீன ஸ்தாபனத்தின் பொய்மையைக் காட்டும் காட்சியாக எழுதியிருப்போம். அந்நியச் சொல், வேரற்ற உபசாரம், இயந்திரத்தனம். அத்தனையும் உண்மை. ஆனால் மூன்றாவது மாதம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ‘மேடம்’ என்றதும் எழுந்து வந்தாள். அந்தச் சொல் அவளுடையதாகிவிட்டது. இதை எந்தக் கதையிலும் நான் வாசித்ததில்லை.

6

இலக்கியப் பத்திரிகையில் இவ்வளவு நேரம் வங்கிக் கவுண்டரைப் பற்றிப் பேசியதற்குக் காரணம் உண்டு. நாம் ‘நீ’யின் பக்தர்கள். பக்திப் பாடல்களில் தெய்வம் ‘நீ’. காதலில் ‘நீ’. புதுக்கவிதை தொடங்கிய நாளிலிருந்து அதன் முன்னிலை பெரும்பாலும் ‘நீ’தான், ‘நீங்கள்’ வந்தால் கிண்டலுக்கு, அல்லது கூட்டத்தைப் பார்த்துப் பேச. படர்க்கையிலும் அப்படியே. கம்பர் பாடினார் என்பது பள்ளிக்கூடம். கம்பன் பாடினான் என்பது ரசிகன். பாரதி சொன்னான் என்று எழுதும்போது நமக்கு ஒரு நெருக்கம் கிடைக்கிறது. ‘அர்’ போட்டவுடன் அது சிலையாகிவிடுகிறது. உச்சத்தில் இருப்பவனுக்கும் ஒருமை, அடியில் இருப்பவனுக்கும் ஒருமை, நடுவில் இருக்கிற தாசில்தாருக்கு ‘அவர்கள்’. இது தமிழின் விசித்திரமான அழகு என்று நானும் எழுதியிருக்கிறேன், இன்றும் அழகுதான்.

ஆனால் இந்த அழகிலிருந்து ஒரு கோட்பாட்டை உருவி எடுத்துக்கொண்டு நடக்கிறோம்: ஒருமை உண்மையானது, பன்மை பாசாங்கு. நம் கதைகளில் படித்த கதாநாயகன் ‘அவன்’, சரி. அவன் அப்பா ‘அவர்’. வீட்டுக்கு வருகிற சலவைக்காரர் மட்டும் எத்தனை வயதானாலும் ‘அவன்’. கதாநாயகனின் ‘அவன்’ அகத்தைக் காட்ட வந்தது. சலவைக்காரரின் ‘அவன்’ எதைக் காட்ட வந்தது? யதார்த்தம் என்று பதில் வரும். சம்பாஷணையில் அது யதார்த்தம்தான். பாத்திரம் அப்படிப் பேசும், பேசட்டும். கதை சொல்பவனின் வாக்கியத்திலும் வினைமுற்று அப்படியே இறங்குகிறதே, அது யாருடைய யதார்த்தம்? கேஷியரைப் போலவே நல்ல மனசோடு, நாற்பது சீட்டு எழுதிக் கொடுத்தபடியே, நம் உரைநடையும் ஹாலைப் பிரித்துவிடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். நமக்குப் பிடித்த கதைகளில் ஒன்றை எடுத்து, ‘அர்’ யாருக்கு, ‘அன்’ யாருக்கு, ‘அள்’ யாருக்கு என்று இரண்டு பத்தி போட்டு எழுதிப் பார்ப்பது. நான் ஆறு கதைகளுக்குச் செய்தேன். கதைகளின் பெயர்களைச் சொல்லவில்லை. எழுதியவர்களில் சிலர் இதை வாசிப்பார்கள். இரண்டு பத்திகளும் எங்கள் டோக்கன் வரிசையை நினைவூட்டின என்று மட்டும் சொல்கிறேன்.

எல்லாக் கதைகளிலும் எல்லாருக்கும் ‘அர்’ போட வேண்டும் என்பது என் கட்சி அல்ல. போட்டால் அரசாங்கப் பத்திரிகைக் குறிப்பு மாதிரி ஆகும். அப்படி எழுதப்பட்ட முற்போக்குக் கதைகள் சிலவற்றை வாசித்துத் தவித்திருக்கிறேன். கவுண்டரில் விடை எளிது: எல்லாருக்கும் ‘ங்க’, தட்டையாக இருந்தாலும், அர்த்தம் தேய்ந்திருந்தாலும். அங்கே தேய்ந்த நாணயம்தான் நல்லது. எல்லார் கையிலும் ஒரே மதிப்பில் செல்லும். கதையில் அது செல்லாது. அங்கே ஒவ்வொரு வினைமுற்றையும் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தீர்மானிக்க வேண்டும் என்பதே நமக்கு உறைக்கவில்லை என்பதுதான் என் புகார். கிளவியாக்கம் கைவிட்டதை விமர்சனமும் கைவிட்டிருக்கிறது.

‘அவன்’ என்று எழுதியதில் மரியாதைக் குறைவு இல்லை, நெருக்கம்தான் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். நெருக்கம்தானா என்று அந்தப் பாத்திரத்தின் மகள் வாசிக்கும்போது அவளைக் கேட்டால் தெரியும். அவள் இப்போது நர்ஸிங் படிக்கிறாள், வாசிக்கத் தெரியும். இது பற்றி மற்றவர்களும் எழுதலாம்.